கென்யாவுக்குப் புறப்படும் முன்

சில ஆண்டுகளாக நம்மவர்களின் வெளிநாட்டுப் பிரயாணப் பட்டியலில் சிங்கப்பூர், மலேசியா, துபாய் முதலிய பழகிய பெயர்களோடு கென்யா என்ற பெயரும் சேர்ந்து வருகிறது. மசாய் மாராவில் சிங்கத்தைக் காணவும், அம்போசெலியில் கிளிமஞ்சாரோவின் பனிமுடியைப் பின்னணியாகக் கொண்டு நடந்து செல்லும் யானைக் கூட்டத்தைப் படம் பிடிக்கவும் குடும்பத்தோடு புறப்படுகிறவர்கள் ஒரு சாரார். கணக்கர்களாகவும் ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் நைரோபியில் உத்தியோகம் ஏற்றுச் செல்கிறவர்கள் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் புறப்படுவதற்கு முன் கேட்கும் கேள்விகளை நான் கவனித்து வந்திருக்கிறேன். விமானச் சீட்டு என்ன விலை, சைவ உணவு கிடைக்குமா, திருடர் பயம் உண்டா என்ற மூன்றும் தவறாமல் வருகின்றன. அந்த நாட்டில் எந்த மாதத்தில் மழை பெய்யும், நாம் தங்கப் போகும் ஊர் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, நம் பெட்டிக்குள் இருக்கும் எந்தப் பொருள் அங்கே சட்ட விரோதமானது, அங்குள்ளவர்கள் தங்கள் பெரியவர்களை எவ்வாறு வணங்குகிறார்கள் என்பன போன்ற கேள்விகள் அபூர்வமாகவே எழுகின்றன.

பெட்டி கட்டி முடித்தால் ஆயத்தமும் முடிந்தது என்று நாம் எண்ணிக்கொள்வதே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஒரு தேசத்துக்குப் போகுமுன் அதன் சீதோஷ்ணத்தையும் சட்டத்தையும் சரித்திரத்தையும் ஓரளவாவது அறிந்துகொள்வதை நம் சொந்த சௌகரியத்துக்கான ஏற்பாடாக மட்டும் கருதக் கூடாது. அந்தத் தேசத்து ஜனங்களுக்கு நாம் செலுத்த வேண்டிய முதல் மரியாதையும் அதுவேயாகும். ‘ஆப்பிரிக்காவுக்குப் போகிறேன்’ என்று பொதுவாகச் சொல்லும் வழக்கம் முதலில் நம்மை விட்டு நீங்க வேண்டும். ஐம்பதுக்கும் மேற்பட்ட சுதந்திர நாடுகளைக் கொண்ட அக்கண்டத்தில் கென்யா ஒன்று. அந்த ஒன்றிலேயே பூமத்திய ரேகைக்கு அருகில் பனி தங்கிய 5,199 மீட்டர் உயரச் சிகரமும், துர்க்கானாப் பிரதேசத்து வறண்ட நிலமும், பிளவுப் பள்ளத்தாக்கின் உவர் ஏரிகளும், பவழப் பாறைகள் அரணாக நிற்கும் இந்து மகாசமுத்திரக் கரையும், நாற்பதுக்கும் மேற்பட்ட சமூகத்தாரின் மொழிகளும் அடங்கியிருக்கின்றன. இவற்றுள் எதை நாடிப் போகிறோம் என்பதைப் பொறுத்தே உடையும் மருந்தும் மாதமும் மாறும்.

எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. நாம் அறிந்த மஞ்சள் காமாலையோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளலாகாது. இது ஒரு வகை வைரஸால் உண்டாகி, கொசுவால் பரவி, கடுமையாகத் தாக்கியவர்களில் ஈரலைச் சிதைத்து உயிரையே கவரும் தனி நோய். இந்நோய் இந்தியாவில் இல்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி என்னும் கொசு நம் தெருக்களில் ஏராளமாக இருக்கிறது. டெங்குவையும் சிக்குன்குனியாவையும் மழைக்காலந்தோறும் நம் வீடுகளுக்குக் கொண்டுவருவது அதே கொசுதான். நோயைச் சுமந்துகொண்டு திரும்பும் ஒருவரைக் கடித்த கொசு இங்கே மற்றொருவரைக் கடிக்குமானால், தடுப்புச் சக்தி சற்றும் இல்லாத கோடிக்கணக்கான ஜனங்களிடையே அது எத்தகைய நாசத்தை விளைவிக்கும் என்பதை உத்தேசித்தே நம் அரசாங்கம் இவ்விஷயத்தில் மிகக் கண்டிப்பாக நடந்துகொள்கிறது. இந்திய அரசாங்கம் வகுத்துள்ள மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்புகிறவரை, நோய் வெளிப்படுவதற்கு ஆகக்கூடிய காலமாகிய 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கச் சுகாதார அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. நைரோபி நகரத்தோடு நின்றுவிடுகிறவருக்கு நோய் அபாயம் குறைவு என்பது உண்மையே. ஆயினும் திரும்பும்போது சான்றிதழ் காட்டுவதிலிருந்து அவருக்கு விலக்குக் கிடையாது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த மாக்ஸ் தைலர் என்ற விஞ்ஞானி 1937-ல் உருவாக்கி, அதற்காக 1951-ல் நோபல் பரிசும் பெற்ற அந்தத் தடுப்பு மருந்தின் வழிவந்ததே இன்றும் நமக்குப் போடப்படுகிறது. ஊசி போட்டுக்கொண்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால், புறப்பாட்டுக்கு முந்திய வாரத்தில் இதை நினைத்துக்கொள்வது பயனற்றது. பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்ற பழைய நியமம் 2016 ஜூலையில் நீக்கப்பட்டு, ஒரு முறை போட்ட ஊசியே ஆயுள் முழுவதும் போதும் என்று சர்வதேச சுகாதார விதிகள் திருத்தப்பட்டுவிட்டன. ஆகவே முன்பு போட்டுக்கொண்டு சான்றிதழாகிய அந்த மஞ்சள் நிறப் புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கோழி முட்டையில் வளர்க்கப்படும், உயிருள்ள ஆனால் வலுக்குறைந்த வைரஸே இம்மருந்து. முட்டை ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் வைத்தியரிடம் முன்கூட்டியே கலந்து பேசி, ஊசி ஆகாது என்றால் அதற்குரிய எழுத்துமூலமான சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இந்த ஊசி அரசாங்கம் அங்கீகரித்த சில நிலையங்களில் மட்டுமே கிடைக்கும். சென்னை கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட் அவற்றுள் ஒன்று. தமிழ்நாட்டின் தொலைதூர ஊர்களிலிருந்து ஓர் ஊசிக்காக ஒரு குடும்பம் முழுவதும் இரவு ரயில் ஏறி வரவேண்டியிருப்பது நியாயமாகத் தோன்றவில்லை. வைத்தியக் கல்லூரி உள்ள ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும், வாரத்துக்கு ஒரு நாளாவது, இவ்வசதியை அரசாங்கம் ஏற்படுத்த வேண்டும் என்பது என் திடமான கருத்து.

அடுத்தது மலேரியா. இதற்கு நைரோபிவாசிகள் அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தின் குளிர்ச்சியில் அனோபிலிஸ் கொசுவும் அதன் வயிற்றிலுள்ள கிருமியும் செழித்து வளர்வதில்லை. ஆனால் மொம்பாசா, மாலிந்தி முதலான கடற்கரை ஊர்களுக்கும், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமுவுக்கும் போகிறவர்களின் நிலைமை முற்றிலும் வேறானது. கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியை 1897-ல் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது நம் செகந்தராபாத்தில்தான். அந்நோயோடு தலைமுறை தலைமுறையாகப் பழகிய தேசத்தார் நாம் என்ற எண்ணத்தினால், ‘மலேரியாவைப் பார்க்காதவர்களா நாம்?’ என்று அலட்சியமாகப் பேசுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். நம் நாட்டில் பரவலாகக் காணப்படும் வைவாக்ஸ் வகை, துன்புறுத்துவதோடு பெரும்பாலும் விட்டுவிடும். கென்யாவில் பிரதானமாக இருக்கும் பால்சிபாரம் வகையோ, தக்க சிகிச்சை பெறாதவரைச் சில நாட்களுக்குள் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிக் கொன்றுவிடக்கூடியது. குழந்தைப் பருவத்தில் எப்போதோ வந்துபோன காய்ச்சலால் இதற்கு எதிரான காப்பு நமக்குக் கிடைத்துவிடுவதில்லை.

நம் வீட்டு மருந்துப் பெட்டியில் பழக்கப்பட்ட குளோரோகுயின் அங்குள்ள கிருமியின் முன் வலுவிழந்துவிட்டது. அடோவாகோன், புரோகுவானில் என்ற இரண்டும் சேர்ந்த மாத்திரையை, நோயுள்ள பிரதேசத்தில் கால் வைப்பதற்கு ஓரிரு நாள் முன்பாகத் தொடங்கி, அதை விட்டு வந்த பிறகு 7 நாள் வரை தினமும் உட்கொள்ள வேண்டும். டாக்சிசைக்ளின் ஆனால், அதே போலத் தொடங்கித் திரும்பிய பின் 4 வாரம் வரை விடாமல் தொடர வேண்டும். எது யாருக்கு ஏற்றது என்பது வயதையும், கர்ப்பத்தையும், ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளையும் பொறுத்ததாகையால், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கி விழுங்கும் நம் வழக்கம் இங்கே கூடாது. மாத்திரை உட்கொண்டாலும், அந்தி சாய்ந்ததும் முழுக்கைச் சட்டை அணிவதும், கொசு விரட்டும் களிம்பு பூசுவதும், மருந்து தோய்த்த கொசுவலைக்குள் உறங்குவதும் அவசியம். டைபாய்டு, ஈரல் அழற்சி ஏ, டெட்டனஸ் ஆகியவற்றின் தடுப்பூசிகளையும் அதே வைத்தியரிடம் விசாரித்து முடித்துக்கொள்ளலாம்.

பூமத்திய ரேகை என்றவுடனே நம் மனத்தில் சித்திரை வெயில் தோன்றிவிடுகிறது. நைரோபியோ ஏற்காட்டைவிட உயரமானது. ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான மாதங்களில், சென்னை இன்னும் புழுக்கத்தில் தவித்துக்கொண்டிருக்க, அங்கே இரவில் கம்பளி தேவைப்படும்; மாராவின் புல்வெளியில் விடியற்காலையில் திறந்த வண்டியில் நின்றுகொண்டு மிருகங்களைத் தேடும்போது காதை மூடிக்கொள்ள ஒரு துணி இல்லாவிட்டால் அந்த நேரம் முழுவதும் வீணாகிவிடும். அதே நாளின் நடுப்பகலிலோ, காற்றின் குளுமையில் உணராமலிருக்கும்போதே, உயர்நிலத்துச் சூரியன் தோலைத் தீய்த்துவிடும். மொம்பாசாவுக்கு இறங்கினால் நம் நாகப்பட்டினத்துக் கடற்காற்றும் வேர்வையும்தான். மார்ச்சு முதல் மே வரை நெடுமழை, அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை குறுமழை என்று மழை இரு பருவமாகப் பெய்கிறது. நம் பள்ளிக்கூட விடுமுறையாகிய ஏப்ரலும் மேயும் நெடுமழையோடு ஒத்துப் போவதை அறியாமல் சீட்டு எடுத்துவிட்டு, சேற்றில் புதைந்த வண்டிக்குள் உட்கார்ந்திருக்க நேர்ந்தவர்கள் பலர். அக்காலத்தில் விடுதிக் கட்டணம் குறைவு, நிலம் முழுவதும் பச்சை, கூட்டமும் இல்லை என்பதை உணர்ந்து விரும்பிப் போகிறவர்களுக்கு நான் தடை சொல்லவில்லை. அறிந்து போக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். செரெங்கெட்டியிலிருந்து லட்சக்கணக்கான வில்டபீஸ்ட் மான்கள் மாரா நதியைக் கடந்து வருவதைக் காண விரும்புகிறவர் ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில் செல்ல வேண்டும். நைரோபியின் வில்சன் நிலையத்திலிருந்து மாராவுக்குப் பறக்கும் சிறு விமானங்களில் ஒருவருக்கு 15 கிலோ வரையில், அதுவும் மெத்தென்ற துணிப்பையில்தான், சாமான் அனுமதிக்கிறார்கள். சக்கரம் வைத்த பெரும் பெட்டிகளை நைரோபி விடுதியிலேயே விட்டுப் போக ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

அனுமதிப் பத்திர விஷயம் இப்போது எளிதாகிவிட்டது. 2024 ஜனவரி முதல் பழைய விசா முறையை நீக்கிவிட்டு, கணினி வழியே பெறும் மின்னணுப் பிரயாண அனுமதியைக் கென்ய அரசாங்கம் ஏற்படுத்தியிருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாத ஆயுளுள்ள பாஸ்போர்ட், தங்குமிடச் சான்று, விமானச் சீட்டு ஆகியவற்றைக் காட்டி, குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முன்கூட்டி விண்ணப்பிக்க வேண்டும். அரசாங்கத்தின் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி இருமடங்கு பணம் பறிக்கும் இடைத் தரகர்கள் பலர் இருப்பதால் முகவரியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் சேர்த்துப் போகிறவர்கள், மூன்று நாடுகளுக்கும் பொதுவாக 90 நாள் செல்லுபடியாகும் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசாவைப் பற்றி விசாரிக்கலாம்.

பணத்தைப் பொறுத்தவரை, நம் ரூபாயை அங்கே மாற்றலாம் என்று நம்பிப் போகக் கூடாது. டாலர் நோட்டு கொண்டு போகிறவர்கள் புதியனவாக, கசங்காதனவாகப் பார்த்து வாங்க வேண்டும். பழைய வரிசை நோட்டுகளைப் பல கடைகளில் வாங்க மறுத்துவிடுகிறார்கள். நாம் இங்கே யுபிஐ முறையைப் பெருமையோடு பேசுகிறோம். அதற்கு வெகு காலம் முன்பே, 2007-ல், சாதாரணக் கைப்பேசியின் குறுஞ்செய்தி மூலமாகக் கிராமத்துத் தாய்க்கு மகன் பணம் அனுப்பும் எம்-பெசா என்னும் முறையைக் கென்யா கண்டுவிட்டது. காய்கறி விற்கும் பெண்மணியும் மட்டாட்டு என்ற சிற்றுந்தின் நடத்துநரும் அதிலேயே பணம் பெற்றுக்கொள்கிறார்கள். விமான நிலையத்திலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு சிம் அட்டை வாங்கி அதில் எம்-பெசாவைப் பதிவு செய்துகொள்கிறவருக்கு, மடியில் ரொக்கத்தைக் கட்டிக்கொண்டு திரியும் கவலை பெருமளவு தீர்ந்துவிடும். மின்சாரச் செருகி மூன்று சதுர முள் கொண்ட ஆங்கிலேய வகையானதால், நம் வட்ட முள் செருகிக்கு ஓர் இணைப்பு தேவைப்படும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நம் பெட்டிகளில் துணிமணிகளைப் பிரித்து வைக்கவும், முறுக்கையும் ஊறுகாயையும் கட்டவும் நாம் தாராளமாகப் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டு 28 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தயாரிப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் கென்யாவில் குற்றம். உச்ச தண்டனையாக 40 லட்சம் ஷில்லிங் அபராதமோ 4 ஆண்டுச் சிறையோ விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2020 ஜூன் 5 முதல் தேசியப் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் காடுகளிலும் ஒரு முறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் குப்பிகளுக்கும் இடமில்லை. ஆகவே நீர் அருந்த உலோகக் குப்பி ஒன்று கையில் இருக்க வேண்டும். இச்சட்டத்தை ஏழை நாடொன்றின் வீண் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் அதன் பின்னாலிருக்கும் சரித்திரத்தை அறியாதவர்கள். கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரம் நடும் பசுமை வளைய இயக்கத்தை 1977-ல் தொடங்கிய வங்காரி மாத்தாய் அம்மையார், 1989-ல் நைரோபியின் உஹுரு பூங்காவுக்குள் ஆளும் கட்சியினர் எழுப்ப முயன்ற அறுபது மாடிக் கட்டிடத்தைத் தன்னந்தனியாகக் கடிதம் எழுதி எழுதியே எதிர்க்கத் தொடங்கி, ஏச்சையும் பின்னாளில் தடியடியையும் ஏற்று, 2004-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்ற தேசம் அது. தமிழ்நாட்டிலும் 2019 முதல் இத்தகைய தடை இருக்கிறது. காகிதத்தில் அது இருப்பதற்கும் நம் கடைத்தெருவில் அது இருப்பதற்கும் உள்ள தூரத்தை நாம் எல்லோரும் அறிவோம். துணியால் ஆன மஞ்சள் பைகளில் சாமான்களைக் கட்டிக்கொண்டு போவது, அந்நாட்டுச் சட்டத்துக்குப் பணிந்ததும் ஆகும். திரும்பி வந்த பிறகும் தொடரத்தக்க நல்ல பழக்கமும் ஆகும்.

ஆங்கிலமும் சுவாஹிலியும் அங்கே அரசாங்க மொழிகள். ஆங்கிலமே போதும் என்று நிறுத்திக்கொள்வது எளிது. ஆயினும் கடைக்குள் நுழைந்தவுடன் விலையைக் கேட்பது அங்கே முரட்டுத்தனமாகக் கருதப்படும். முதலில் ‘ஹபாரி’ என்று நலம் விசாரித்து, அவர் பதில் சொல்ல, அவர் விசாரிக்க, நாம் பதில் சொல்லி, அதன் பிறகே காரியத்துக்கு வர வேண்டும். கடற்கரைப் பிரதேசத்தில் வயதில் மூத்தவரைக் கண்டால் இளையவர் ‘ஷிகாமூ’ என்று வணங்குவதும், பெரியவர் ‘மராஹபா’ என்று ஏற்பதும் இன்றும் வழக்கிலிருக்கும் மரியாதை. பெரியவர்களின் காலைத் தொட்டு வணங்கும் சமூகத்திலிருந்து போகிறவர்களுக்கு இதைக் கற்றுக்கொள்வது கடினமாகாது. நேரத்தைக் குறிப்பதிலும் ஒரு விஷயம் அறிய வேண்டும். சுவாஹிலியில் பேசும்போது மணிக்கணக்கு சூரிய உதயத்திலிருந்து தொடங்குகிறது. நம் முன்னோர் உதயாதி நாழிகை எண்ணியதைப் போலவே அவர்கள் காலை 7 மணியை முதல் மணி என்றும், 8 மணியை இரண்டாம் மணி என்றும் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாக இருக்கும் பூமத்திய ரேகைப் பிரதேசத்துக்கு இக்கணக்கு மிகப் பொருத்தமானதே. வண்டி ஓட்டுநர் சுவாஹிலியில் மூன்றாம் மணிக்கு வருகிறேன் என்றால், அவர் சொல்வது காலை 9 மணியாக இருக்கலாம். எந்தக் கணக்கு என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உணவுக்காகக் கவலைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை போதும். மக்காச்சோள மாவில் கிளறும் உகாலியும், சுகுமா விக்கி என்ற கீரைப் பொரியலும், மக்காச்சோளமும் பயறும் சேர்த்து வேகவைத்த கிதேரியும் எளியவர்களின் அன்றாட உணவு. சப்பாத்தியும் பால் கலந்த தேநீரும் எந்தச் சிற்றூரிலும் உண்டு. நைரோபியின் பார்க்லாண்ட்ஸ் பகுதியில் இந்தியச் சைவ உணவகங்களுக்குக் குறைவில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டிய புளியோதரைப் பொடியைக் கொண்டு போவதில் தவறில்லை. ஆனால் உகாலியை ஒரு முறையும் சுவைக்காமல் திரும்புவது வருந்தத்தக்கது.

பார்க்லாண்ட்ஸில் இந்தியக் கடைகள் எவ்வாறு வந்தன என்று கேட்கத் தொடங்கும்போதுதான் மெய்யான ஆயத்தம் ஆரம்பமாகிறது. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரையில் ஆங்கிலேயர்கள் 1896 முதல் 1901 வரை அமைத்த இருப்புப்பாதைக்காக, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஏறத்தாழ 32,000 இந்தியத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் சுமார் 2,500 பேர் நோயிலும் விபத்திலும் மாண்டார்கள். 1898-ல் சாவோ நதிக்கருகில் பாலம் கட்டிய இடத்தில் இரண்டு ஆட்கொல்லிச் சிங்கங்களுக்கு இரையானவர்களும் அவர்களுள் உண்டு. நைரோபி நகரமே 1899-ல் அப்பாதையின் இடைத்தங்கல் முகாமாகத் தோன்றியதுதான். வியாபாரத்தில் செழித்து, ஆப்பிரிக்கரோடு கலவாமல் தனித்து வாழ்ந்தவர்கள் என்று இந்தியர்மேல் அங்கே ஒரு குறை உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் 1935-ல் தொழிற்சங்கம் அமைத்து, 1950-ல் பொதுமேடையில் கென்யாவுக்குச் சுதந்திரம் கேட்டு, அதற்காகப் பதினொரு ஆண்டு காவலில் வைக்கப்பட்ட மக்கன் சிங்கும், சுதந்திரப் போரில் சிறை சென்று, சுதந்திரம் வந்த பிறகு 1965-ல் சுட்டுக் கொல்லப்பட்ட கோவா வம்சத்துப் பியோ காமா பிந்தோவும் அதே இந்தியர்களிடையே தோன்றியவர்களே. 2017-ல் ஆசிய வம்சாவளியினரைத் தன் 44-வது சமூகமாகக் கென்யா அங்கீகரித்தது. நைரோபியில் உத்தியோகம் பார்க்கச் செல்லும் நம் இளைஞர்களில் சிலர், வீட்டில் பணிபுரியும் ஆப்பிரிக்கப் பெண்ணிடமும் காவல்காரரிடமும் பேசும் தொனியைக் கேட்கும்போது, இச்சரித்திரத்தை அவர்கள் அறிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கூலிகளாகப் போனவர்களின் தேசத்தார் நாம். நிறத்தைக் கொண்டு மனிதனை அளக்கும் புத்தியை இங்கேயே விட்டுப் போவது, கொசுவலையைக் கொண்டு போவதைக் காட்டிலும் அவசியமானது.

படிக்க விரும்புகிறவர்களுக்குக் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் நூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. விசாரணையின்றிக் காமித்திச் சிறையில் அடைக்கப்பட்டு, அங்கே கொடுக்கப்பட்ட கழிப்பறைத் தாளில், ஆங்கிலத்தை விடுத்துத் தம் தாய்மொழியாகிய கிகூயுவில் அவர் எழுதிய நாவல் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் தமிழுக்கு வந்திருக்கிறது. தாய்மொழிக்காக ஒரு மனிதர் பட்ட பாட்டைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுந்த வாசகர்கள் வேறெங்கும் இருக்க முடியாது. கடற்கரைக்குப் போகிறவர்கள், 1593-ல் போர்த்துக்கீசியர் கட்டத் தொடங்கிய மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டையையும் மாலிந்தியில் நிற்கும் வாஸ்கோ ட காமாவின் தூணையும் காண வேண்டும். 1498-ல் கள்ளிக்கோட்டைக்கு வழி காட்டும் மாலுமி அவனுக்குக் கிடைத்தது மாலிந்தியில்தான். பருவக்காற்றைப் பிடித்துக் குஜராத்துக்கும் அராபியாவுக்கும் அக்கரைக்கும் மரக்கலங்கள் பல நூற்றாண்டுகளாகப் போய் வந்துகொண்டிருந்த கடல் அது.

இனி வனவிலங்குகளைப் பற்றி. வேட்டையை 1977-லேயே தடை செய்த நாடு கென்யா. கள்ளவேட்டைக்காரர்களிடம் கைப்பற்றிய தந்தத்தை விற்றுக் காசாக்காமல் 1989-ல் 12 டன்னும், 2016-ல் 105 டன்னும் நைரோபித் தேசியப் பூங்காவில் பகிரங்கமாகத் தீயிட்டு எரித்த நாடு. தந்தத்தாலோ விலங்கின் தோலாலோ செய்த எந்தப் பொருளையும் ஞாபகார்த்தமாக வாங்க நினைக்கவே கூடாது. மாராவில் நுழைவுக் கட்டணம் அயல்நாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர் என்று 2024-ல் உயர்த்தப்பட்டது. பிரயாண ஏற்பாட்டாளர் சொல்லும் தொகையில் இது அடங்கியிருக்கிறதா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். இவ்வளவு செலவழித்து வந்தோமே என்ற ஆத்திரத்தில், சிவிங்கிப் புலியின் அருகே இன்னும் கொஞ்சம் போ, பாதையை விட்டு இறங்கு என்று ஓட்டுநரை நெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டிகள் சூழ்ந்துகொண்டதால் இரை தப்பிப் போய், குட்டிகளோடு பட்டினி கிடக்கும் சிவிங்கிப் புலியை அவர்கள் நினைப்பதில்லை. விதி மீறியதற்காக உரிமத்தை இழக்கக்கூடிய அந்த ஓட்டுநரின் குடும்பத்தையும் நினைப்பதில்லை. மசாய் மக்களைப் படம் எடுப்பதற்கு முன் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும் இதனோடு சேர்த்துச் சொல்லுகிறேன். அவர்கள் காட்சிப் பொருள்கள் அல்லர்.

பயத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: சோமாலியா எல்லையை ஒட்டிய வடகிழக்கு மாவட்டங்களுக்குப் போக வேண்டாம். நைரோபியில் இருட்டிய பின் கைப்பேசியைக் கையில் ஏந்தித் தெருவில் நடக்க வேண்டாம்; அழைப்பு வண்டியில் போகலாம். ஊர்வலமும் ஆர்ப்பாட்டமும் நடக்கும் நாட்களில் நகர மையத்தைத் தவிர்த்து, இந்தியத் தூதரகத்தின் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். இதற்கு மேற்பட்ட அச்சம் தேவையில்லை. மொம்பாசாவுக்குப் போக, 2017-ல் தொடங்கிய புதிய ரயிலே சிறந்தது. ஐந்தாறு மணி நேரத்தில் சாவோ வனத்தை ஊடறுத்து, யானைகள் கீழே நடந்து போவதற்காக உயர்த்திக் கட்டிய பாலங்களின் மேல் அது ஓடுகிறது. சாமான்களைப் பலமுறை சோதிப்பார்களாகையால் ஒரு மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது, வனத்திலிருந்து விமானத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவு அதில் அடங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1957-ல் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவை நைரோபியிலிருந்து இன்றும் அப்பணியைச் செய்து வருகிறது.

ஆயத்தத்தில் ஒரு பகுதி திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியது. வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் மலேரியா மாத்திரையை நிறுத்திவிடுவது மிகப் பெரிய தவறு. கிருமி ஈரலில் தங்கி இரத்தத்துக்கு வருவதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம் என்பதால்தான் 7 நாள், 4 வாரம் என்ற கணக்குகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த மூன்று மாதங்களுக்குள் காய்ச்சல் கண்டால், ஏன், ஓராண்டுக்குள் கண்டாலும், ‘கென்யா போய் வந்தேன், இன்னின்ன ஊர்களில் தங்கினேன்’ என்பதையே வைத்தியரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்பார் என்று காத்திருக்கக் கூடாது. மழைக்காலத்தில் டெங்குவையும் சாதாரண வைரஸ் காய்ச்சலையும் நினைப்பதே நம் வைத்தியர்களுக்கு இயல்பு. அன்றைக்கே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். முதல் சோதனையில் கிருமி தென்படாமல் காய்ச்சல் நீடிக்குமானால், 12 மணி முதல் 24 மணி நேர இடைவெளியில் மேலும் இரண்டு முறையாவது சோதிக்கும்படி கேட்டுப் பெற வேண்டும்.